சுழல் டெட்டனேஷன் ராக்கெட் என்ஜின்: அலை சுற்றுகிறது, சரி. பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது?

#1 முகில்

எல்லோருக்கும் வணக்கம். இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். திட்ட வேலைக்காகத் திரவ எரிபொருளில் ஓடும் சுழல் டெட்டனேஷன் ராக்கெட் என்ஜின்களைப் பற்றி நாலு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த என்ஜினைத் தெரியாதவர்களுக்காக: ஓர் உருளைக்குள் இன்னோர் உருளையை வைத்தால் நடுவே வளையம் போல ஓர் இடைவெளி கிடைக்கும். அதன் ஒரு முனையிலிருந்து எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் பாய்கின்றன. வழக்கமான ராக்கெட் என்ஜினில் இந்தக் கலவை அடுப்பு போல ஒரே அழுத்தத்தில் எரியும். இங்கே ஒலியைவிட வேகமான ஒரு வெடிப்பலை, அதாவது டெட்டனேஷன், வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. தான் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் புதிதாக வந்து நிரம்பிய கலவையை அது அமுக்கி எரித்துவிட்டுப் போகிறது.

என் குழப்பம் இதுதான். 2021 செப்டம்பரில் வார்சா விமானவியல் நிறுவனம் திரவ புரொப்பேனும் திரவ நைட்ரஸ் ஆக்சைடும் போட்டு ஒரு ராக்கெட்டைப் பறக்கவிட்டது. 3.2 விநாடி ஓடியது, 450 மீட்டர் உயரம் போனது. நாசாவின் மார்ஷல் மையம் 2023இல் 251 விநாடி ஓட்டி, 5,800 பவுண்டுக்கு மேல் உந்துவிசை எடுத்தது. ஜப்பான்காரர்கள் 2024 நவம்பரில் எத்தனாலும் திரவ நைட்ரஸ் ஆக்சைடும் கொண்ட என்ஜினை எஸ்-520-34 ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கே அனுப்பினார்கள். ஒருவர் உயரத்தைச் சொல்கிறார், ஒருவர் நேரத்தைச் சொல்கிறார், கட்டுரைகளில் அலை வேகத்தைச் சொல்கிறார்கள். இதில் எதை வைத்து "இந்த என்ஜின் பழைய என்ஜினைவிட மேல்" என்று முடிவு செய்வது?


#2 எண்கணிதன்

அருமையான தலைப்பு. எனக்குத் தெரிந்தவரை இந்த என்ஜின் 25 சதவீதம் வரை எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று பல செய்திகளில் வந்திருக்கிறது. டெட்டனேஷனில் எரியும்போது அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. அந்த அழுத்தம் எல்லாமே இலவசம்தானே? பம்ப் செய்ய வேண்டிய வேலையை அலையே செய்துவிடுகிறது. அலை சுற்றுவதைக் காட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.


#3 தாரகை

எரிதல் ஆய்வில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எண்கணிதன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னது தாளில் உண்மை, என்ஜினைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் சோதனை ஸ்டாண்டில் இன்னும் உண்மையாகவில்லை.

அலைமுகத்தில் அழுத்தம் பல மடங்கு ஏறுவது சரிதான். ஆனால் அது ஒரு மெல்லிய கோட்டில், சில மைக்ரோ விநாடிக்கு மட்டும். அலை கடந்ததும் வாயு விரிந்து அழுத்தம் சரசரவென இறங்கிவிடும். இறங்கி இறங்கி, கலவையைத் துளைகள் வழியே உள்ளே பாய்ச்சும் இன்ஜெக்டருக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தைவிடக் குறைந்தால்தான் புதுக் கலவையே உள்ளே வர முடியும். ஆகவே கேட்க வேண்டியது உச்ச அழுத்தம் எவ்வளவு என்பதல்ல. ஒரு சுற்று முழுவதையும் சராசரியாக எடுத்தால், இன்ஜெக்டருக்கு முன்னால் நாம் கொடுத்த அழுத்தத்தைவிட மேலே நிற்கிறோமா, கீழேயா என்பதுதான் கேள்வி.

ஒரே வெப்பத்தை டெட்டனேஷன் வழியாகக் கொடுத்தால் என்ட்ரோபி, அதாவது வேலையாக மாற்ற முடியாமல் வீணாகும் பங்கைக் காட்டும் அளவு, குறைவாக ஏறும். அந்த லாபத்தை யாரும் மறுக்கவில்லை, சோவியத் இயற்பியலாளர் ஸெல்டோவிச் 1940லேயே எழுதிவிட்டார். ஆனால் அதைத் தின்ன இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். முதலாவது இன்ஜெக்டர் இழப்பு. இரண்டாவது, அலை வருவதற்கு முன்பே சூடான பழைய வாயுவைத் தொட்டுச் சாதாரணமாக எரிந்துபோகும் கலவை. இந்தத் திருட்டு எரிதல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அலை மெலிகிறது. கோட்பாடு சொல்லும் வேகத்தில், அதாவது சாப்மன்–ஜூகே வேகத்தில், ஏறக்குறைய முக்கால் பங்குதான் சோதனைகளில் கிடைக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். வாயு டர்பைனில் காற்றை அமுக்குவது பெரிய செலவு, அதனால் அழுத்த லாபம் அங்கே தங்கம். ராக்கெட்டில் நாம் அமுக்குவது திரவத்தை. திரவத்தை அமுக்க ஆகும் வேலை ஒப்பிட்டால் மிகக் குறைவு. அறை அழுத்தம் ஏற்கெனவே அதிகமாகவும், வாயு வெளியேறும் கூம்பான நாசிலின் விரிவு பெரிதாகவும் இருந்தால் டெட்டனேஷனின் கூடுதல் லாபம் சுருங்கிவிடும். இருபத்தைந்து சதவீதத்தை எந்த அழுத்தத்தில், எந்த நாசிலோடு, எதோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள்.


#4 பழைய ஸ்டாண்ட்காரர்

தாரகை அழகாகச் சொல்லிவிட்டார். நான் முப்பது வருடம் டெஸ்ட் ஸ்டாண்டில் நின்றவன், பெரும்பாலும் சின்னத் திரவ என்ஜின்கள். அதனால் இதை அளவிடுபவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி முகில், கடைசியில் இரண்டே எண்தான். என்ஜின் எவ்வளவு தள்ளியது, அதற்கு விநாடிக்கு எவ்வளவு திரவம் குடித்தது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஐ.எஸ்.பி. மற்றதெல்லாம் அது ஏன் அப்படி வந்தது என்று விளக்குவதற்கு.

இரண்டே எண் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதே. உந்துவிசையில் 2 சதவீதப் பிழை, திரவ ஓட்டத்தில் இரண்டரை சதவீதப் பிழை என்று வைத்துக்கொள். இரண்டும் சேர்ந்து ஐ.எஸ்.பி.யில் 3 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். நீ தேடும் லாபமே 5 சதவீதம் என்றால், உன் கையில் இருப்பது லாபமா பிழையா என்று சொல்லவே முடியாது. இரண்டரை சதவீதத்தில் ஓட்டத்தை அளப்பதே குறுகிய சோதனையில் பெரிய காரியம்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு சோதனைத் தொடரில் எதிர்பார்த்ததைவிட 6 சதவீதம் கூடுதல் உந்துவிசை வந்தது. இரண்டு நாள் எல்லோரும் கொண்டாட்டமாக இருந்தோம். மூன்றாம் நாள், என்ஜினை எரிக்காமல் குழாய்களில் அழுத்தத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். உந்துவிசையை அளக்கும் லோட் செல்லின் அளவு தானாக நகர்ந்தது! வளைந்த குழாய் அழுத்தத்தில் விறைத்து நிமிரப் பார்த்திருக்கிறது, அது ஸ்டாண்டையே தள்ளியிருக்கிறது. லாபம் குழாயிலிருந்து வந்ததே தவிர என்ஜினிலிருந்து வரவில்லை. அன்றிலிருந்து குழாய்களில் அழுத்தம் ஏற்றிய நிலையில், தெரிந்த எடையை வைத்து இழுத்துப் பார்க்காமல் ஒரு சோதனைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.


#5 முகில்

மிக்க நன்றி ஐயா, தாரகை அக்கா. ஒரு சந்தேகம். வழக்கமான என்ஜினில் அறை அழுத்தத்தையும் நாசிலின் ஒடுங்கிய கழுத்துப் பரப்பையும் திரவ ஓட்டத்தையும் வைத்தே எரிதல் எவ்வளவு முழுமை என்று கணக்கிடுவோமே, சி-ஸ்டார் என்று. அதை ஏன் இங்கே நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது?


#6 தாரகை

ஏனென்றால் "அறை அழுத்தம்" என்று ஒன்று இங்கே இல்லை முகில். எந்த இடத்தில், எந்தக் கணத்தில் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் மாதிரி என்ஜின் ஒன்று இருக்கிறது, வெளிவிட்டம் 76 மில்லிமீட்டர், வளைய இடைவெளி 5 மில்லிமீட்டர், 72 ஜோடி இன்ஜெக்டர் துளைகள், மீத்தேனும் ஆக்சிஜனும் வாயுவாக. அதன் சுற்றளவு 239 மில்லிமீட்டர். அலை விநாடிக்கு 1,700 மீட்டர் ஓடினால் ஒரு சுற்றுக்கு 140 மைக்ரோ விநாடி. ஐந்து அலைகள் ஒரே திசையில் ஓடினால் ஒரு புள்ளியை 28 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை அலை கடக்கிறது. அந்த இடைவெளிக்குள் அழுத்தம் மலையளவு ஏறிப் பள்ளத்துக்கு இறங்கிவிடுகிறது.

சராசரியை எடுக்க நீளமான மெல்லிய குழாய் வழியாகச் சென்சாரை இணைப்பார்கள், குழாயே ஏற்ற இறக்கத்தைத் தேய்த்துவிடும். அது பயனுள்ள எண்தான், ஆனால் சுவரில் அளந்த நேரச் சராசரி அது. நாசில் பார்க்கும் அழுத்தம் வேறு.

அதனால்தான் கெம்மிங், பாக்ஸன் என்ற ஆய்வாளர்கள் 2018இல் வேறு வழி சொன்னார்கள். அளந்த உந்துவிசையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இதே உந்துவிசையை, இதே வெளியேறும் பரப்பில், ஒரு சீரான நிலையான ஓட்டம் தர வேண்டுமென்றால் அதன் மொத்த அழுத்தம் எவ்வளவாக இருக்க வேண்டும்? அந்த எண்ணை இன்ஜெக்டருக்கு முன்னால் உள்ள அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் உண்மையான அழுத்த லாபம். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அலை எப்படி ஓடுகிறது என்ற கதையை அது கேட்பதில்லை. ஒன்றே ஒன்று: நடு உருளையின் முனை தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அங்கே விழும் அழுத்தத்தையும் தனியாக அளந்து கழிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் விடை தவறிவிடும்.


#7 செம்பரிதி

இடையில் வருகிறேன். அதிர்வெண் வரைபடத்தில் கூர்மையான முகடு ஒன்று தெரிந்தாலே "டெட்டனேஷன்" என்று எழுதிவிடுகிறார்கள். திரவ என்ஜின்களில் இது எனக்கு உறுத்துகிறது. எரிதல் நிலையின்மை பற்றிப் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். நிலவுக்குப் போன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 என்ஜினை 1962இல் சோதனையில் நொறுக்கியது எது? எரி அறைக்குள் உருவான பெரிய அழுத்த அலைகள்தான். அவற்றை அடக்க இன்ஜெக்டர் முகப்பில் தடுப்புச் சுவர்கள் வைத்து 13 அறைகளாகப் பிரித்தார்கள். உள்ளே சின்ன வெடிகுண்டை வெடிக்கவைத்து அலையைத் தூண்டி, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்தார்கள். அன்று ஓட ஓட விரட்டியதைத்தான் இன்று வரவேற்று உட்காரவைக்கிறோம். அப்படியானால் நாம் பார்ப்பது டெட்டனேஷனா, அல்லது அந்தப் பழைய நிலையின்மையா? இரண்டும் வட்டமாகத்தான் சுற்றும்.


#8 தாரகை

செம்பரிதி, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் மையக் கேள்வி.

டெட்டனேஷன் அலைக்குப் பின்னால் எரிந்த வாயுவில் ஒலியின் வேகம், டெட்டனேஷன் வேகத்தில் ஏறக்குறைய 55 சதவீதம். மீத்தேன்–ஆக்சிஜன் கலவையில் கோட்பாட்டு வேகம் விநாடிக்குச் சுமார் 2,390 மீட்டர், எரிந்த வாயுவில் ஒலி வேகம் 1,300 மீட்டர் அளவில். அதாவது ஒரு சோதனையில் "கோட்பாட்டு வேகத்தில் 55 சதவீதம் கிடைத்தது" என்று எழுதினால், அது சூடான வாயுவில் சுற்றும் வெறும் ஒலி அலையாகவும் இருக்கலாம். வேகம் ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. முக்கால் பங்கு வந்தால் எனக்கு நம்பிக்கை வரும். 60 சதவீதத்தில் இன்னும் ஆதாரம் கேட்பேன்.

என்ன ஆதாரம்? அலைமுகம் அதிர்ச்சி அலை போலச் செங்குத்தாக ஏறுகிறதா, அல்லது சைன் அலை போல வளைந்து ஏறுகிறதா. ஒளிர்வு அந்த முகத்தோடு ஒட்டிய மெல்லிய பட்டையாக இருக்கிறதா, அல்லது வளையம் முழுக்கப் பரவியிருக்கிறதா. திரவ ஓட்டத்தைக் கூட்டினால் அலைகளின் எண்ணிக்கை மாறுகிறதா. ஒலி அலை அறையின் வடிவத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கும். டெட்டனேஷன் அலைகளோ புதுக் கலவை எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்பதைப் பார்த்து இரண்டாகும், மூன்றாகும், சில நேரம் எதிரெதிராகவும் ஓடத் தொடங்கும்.

இதற்கெல்லாம் பின்பக்கத்திலிருந்து வளையத்தை நேராகப் பார்க்கும் அதிவேகக் கேமராவுக்கு ஈடு இல்லை. விநாடிக்கு லட்சம் படங்களுக்குக் குறைந்தால் ஐந்து அலைகளைப் பின்தொடர முடியாது. கேமரா கிடைக்காவிட்டால் சுற்றளவில் சமமில்லாத கோணங்களில் மூன்று அழுத்த சென்சார்களாவது வேண்டும். இரண்டு இருந்தால் திசை தெரியும், அலை எத்தனை என்பதில் ஏமாந்துபோவோம்.


#9 பழைய ஸ்டாண்ட்காரர்

சென்சார் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறாத ஆள் இல்லை. சுவரோடு சமமாக வைத்தால் சென்சார் சில விநாடிகளில் கருகிவிடும். அதனால் எல்லோரும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார்கள். 10 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி போட்டு உள்ளே வைத்தால் அந்தக் குழியே ஒரு புல்லாங்குழல். உள்ளே ஒலி வேகம் விநாடிக்கு 1,000 மீட்டர் என்றால் அது 25 கிலோஹெர்ட்ஸில் தானாகவே பாடும். மேலே தாரகை போட்ட கணக்கைப் பாருங்கள், ஐந்து அலை, 28 மைக்ரோ விநாடி, அதாவது 36 கிலோஹெர்ட்ஸ். மூன்று அலை என்றால் 21. குழியின் பாட்டும் என்ஜினின் பாட்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதனால் இரண்டு வெவ்வேறு ஆழத்தில் சென்சார் வைத்துப் பாருங்கள். ஆழம் மாறும்போது இடம் மாறும் முகடு என்ஜினுடையது அல்ல.


#10 எண்கணிதன்

தாரகை, கோபமெல்லாம் இல்லை, நன்றி. நான் படித்த செய்திகளில் ஒப்பீட்டு அடிப்படை என்று எதுவுமே இல்லை என்பதை இப்போது திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரு கேள்வி: எரிபொருளை வாயுவாகவே கொடுத்தால் எளிதாக இருக்குமே, ஏன் திரவத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? 2021 ஜூலையில் ஜப்பான் முதன்முதலாக விண்வெளியில் ஓட்டியது வாயு மீத்தேனும் வாயு ஆக்சிஜனும்தானே? 6 விநாடி, 500 நியூட்டன் அளவில் வந்ததே.


#11 செம்பரிதி

தொட்டிதான் காரணம். வாயுவாக எடுத்துப்போனால் கனமான உயர் அழுத்தச் சிலிண்டர்களைத் தூக்கிப் போக வேண்டும். என்ஜினில் கிடைக்கும் 5 சதவீதத்தைத் தொட்டியே விழுங்கிவிடும். உண்மையான ராக்கெட் என்றால் திரவம்தான். எஸ்-520-31இல் வாயு, அடுத்து எஸ்-520-34இல் திரவம் என்று நகோயா பல்கலைக்கழகமும் ஜப்பான் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவும் அந்த வரிசையில் போனது அதனால்தான். 2025 மே மாதம் நியூ மெக்சிகோவில் 2,000 பவுண்டு அளவிலான என்ஜினைப் பறக்கவிட்ட வீனஸ் ஏரோஸ்பேஸும் சேமித்து வைக்கக்கூடிய திரவங்களை நோக்கித்தான் போகிறது. 2016இல் ரஷ்யாவில் சோதித்ததாக அறிவித்ததும் ஆக்சிஜன்–மண்ணெண்ணெய் தான்.


#12 தாரகை

திரவம் வந்தால் துளி வருகிறது. கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

துளி ஆவியாக ஆகும் நேரம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். சூடான சூழலில் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு விநாடி என்று தோராயமாக வைத்தால், 50 மைக்ரான் துளிக்கு இரண்டரை மில்லி விநாடி வேண்டும். 10 மைக்ரான் துளிக்கு 100 மைக்ரோ விநாடி. நமக்குக் கிடைக்கும் இடைவெளியோ 28 முதல் 140 மைக்ரோ விநாடி. வழக்கமான ஸ்ப்ரே இந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்காது. அலை வந்து சேரும்போது பாதிக் கலவை இன்னும் துளியாகவே மிதக்கும். அலையின் அதிர்ச்சி துளியைக் கிழித்துத் தூளாக்குவது ஒரு உதவி. ஆனால் அந்தக் கிழிபடலுக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்தில் அலை முன்னால் ஓடிவிட்டால் பின்னால் எரியும் வெப்பம் அலையைத் தாங்குவதில்லை, அலை மெலிகிறது.

இன்னொரு பக்கம் திரவத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அலை கடக்கும்போது அறையின் அழுத்தம் இன்ஜெக்டர் அழுத்தத்தைத் தாண்டும், ஓட்டம் நின்றுபோகும், சில நேரம் சூடான வாயு துளைக்குள் புகும். வாயு இன்ஜெக்டரில் அந்த வாயு ஆழமாகப் போய்விடும். திரவம் அடர்த்தியானது, அவ்வளவு எளிதில் பின்வாங்காது. ஆனால் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் வெவ்வேறு வேகத்தில் சுதாரித்துக்கொண்டால், அலைக்கு முன்னால் நிற்பது நாம் திட்டமிட்ட கலவை விகிதம் அல்ல. ஓட்டமானி காட்டும் விகிதம் சரியாக இருக்கும், அலை பார்க்கும் விகிதம் வேறாக இருக்கும். எத்தனை கட்டுரைகளில் "கலவை விகிதம் 1.1" என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்! எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.


#13 பழைய ஸ்டாண்ட்காரர்

ஓட்டமானியே சரியாகக் காட்டாதபோது என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு சாதாரண அறை வெப்பத்திலேயே 50 பார் அழுத்தத்தில் கொதிநிலையில் நிற்கும் திரவம். குழாயில் கொஞ்சம் அழுத்தம் இறங்கினால் குமிழி விடும். குமிழியோடு போகும் திரவத்துக்கு அடர்த்தி எவ்வளவு என்று எந்த டர்பைன் மீட்டரும் சொல்லாது. திரவ ஆக்சிஜனிலும் குழாய் நன்றாகக் குளிரும் வரை இதே கதை. இங்கே எனக்குக் கைகொடுத்தது தொட்டியையே எடைபோடுவது. அல்லது குமிழி வராத குளிர்ந்த திரவத்துக்குக் கேவிட்டேட்டிங் வென்சுரி என்ற நடுவே ஒடுங்கிய குழாய். அது என்ஜின் பக்கத்து அழுத்தம் எப்படி ஆடினாலும் ஓட்டத்தை மாற்றாது.


#14 முகில்

அப்படியென்றால் நாசாவின் 251 விநாடி வெறும் விளம்பர எண்ணா?


#15 செம்பரிதி

இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதுவரை வந்த எண்களில் மிக முக்கியமானது அதுதான், உந்துவிசையைவிட.

பெரும்பாலான ஆய்வகச் சோதனைகள் ஒரு விநாடியோ அதற்கும் குறைவாகவோ ஓடுகின்றன. காரணம் வெப்பம். அலை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சுவரில் ஒட்டியிருக்கும் குளிர்ந்த படலத்தைத் துடைத்துவிடும். இன்ஜெக்டர் முகப்புக்குப் பக்கத்தில் வெப்பப் பாய்வு உச்சத்தில் இருக்கும். தாமிரக் கட்டியில் செய்த அறை என்றால் உருகுவதற்குள் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் சுவர் இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும் நிலையில் எடுத்த அளவுதான் கையில் இருக்கும். சுவர் சூடேறினால் வளைய இடைவெளி மாறும், திருட்டு எரிதல் கூடும், அலைகளின் எண்ணிக்கைகூட மாறலாம். ஒரு விநாடியில் எடுத்த ஐ.எஸ்.பி. நூறாவது விநாடியிலும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

மார்ஷல் குழு, அமெரிக்காவின் இன் ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து, ஜிஆர்காப்-42 என்ற தாமிர–குரோமியம்–நியோபியம் உலோகக் கலவையை லேசர் கொண்டு அடுக்கடுக்காக அச்சிட்டு அறையைச் செய்தது. 2022 கோடையில் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் எரித்து மொத்தம் பத்து நிமிடத்தை நெருங்கினார்கள். 4,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசையில் ஏறக்குறைய ஒரு நிமிடம், சராசரி அறை அழுத்தம் 622 பி.எஸ்.ஐ., கிட்டத்தட்ட 43 பார். அப்புறம்தான் 251 விநாடி. வெப்பச் சமநிலைக்கு வந்த டெட்டனேஷன் என்ஜினில் அளவெடுக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. குறுகிய சோதனைகளில் அதற்கு வழியே இல்லை. சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்கில் ஆய்வாளர் வோய்ட்செகோவ்ஸ்கி 1960 வாக்கில் சுழலும் அலையைக் காட்டினார், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கல்ஸ் குழு 1960களிலேயே ராக்கெட்டுக்கு முயன்றது. யோசனை பழையது. அதைத் தாங்கும் சுவரும், பார்க்கும் கேமராவும்தான் தாமதமாக வந்தன.


#16 எண்கணிதன்

ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமா? நாம் எல்லோரும் ஐ.எஸ்.பி.யையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். அலை இன்ஜெக்டரை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள் எரிதலை முடித்துவிடுகிறது. வழக்கமான அறைக்கு வேண்டிய நீளம் இங்கே தேவையில்லை. நிலவில் இறங்கும் கலத்துக்கோ, பம்ப் இல்லாமல் தொட்டி அழுத்தத்தில் ஓடும் சிறு என்ஜினுக்கோ, ஐ.எஸ்.பி. சமமாக இருந்தாலே போதும், நீளமும் எடையும் குறைந்தால் அதுவே பெரிய லாபம்தானே? அதற்கு வேறு சோதனை, வேறு அளவுகோல் வேண்டும்.


#17 தாரகை

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். குறைந்த அழுத்த என்ஜின்களில்தான் டெட்டனேஷனின் வெப்ப இயக்கவியல் லாபமும் தெளிவாகத் தெரியும், ஆகவே உங்கள் உதாரணம் இரண்டு வகையிலும் பொருந்துகிறது. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை வைப்பேன். அதே நீளமுள்ள, அதே இன்ஜெக்டர் கொண்ட அறையில், அலை இல்லாமல் சாதாரணமாக எரியும் ஓட்டம் ஒன்றையும் அளந்து பக்கத்தில் வையுங்கள். கோட்பாட்டு மென்பொருள் தரும் சிறந்த மதிப்போடு மட்டும் ஒப்பிட்டால் இன்ஜெக்டரின் குறை யாருடைய கணக்கில் போகிறது என்று தெரியாது. ஒரே என்ஜின், ஒரே ஓட்டம், அலை இருக்கும்போதும் இல்லாதபோதும் உந்துவிசை. அந்த வித்தியாசம் மட்டும்தான் அலையின் சம்பாத்தியம். முகில், உன் திட்ட அறிக்கையில் வேறு எதை விட்டாலும் இந்த ஒப்பீடு எந்தெந்தக் கட்டுரையில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒரு அட்டவணை போடு. அந்த அட்டவணைக்காகவே நான் உன் அறிக்கையைப் படிப்பேன்.


#18 முகில்

கண்டிப்பாகப் போடுகிறேன் அக்கா.

எரிக்கும் சோதனைக்கு எங்களுக்கு வசதியும் அனுமதியும் இல்லை. அதனால் இன்ஜெக்டரை மட்டும் செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கிறோம். வளையத்தில் 24 ஜோடித் துளைகள், இரண்டு தாரைகளும் ஒன்றில் ஒன்று மோதிச் சிதற வேண்டும். நேற்றுதான் முதல் ஓட்டம். 21 ஜோடி சரியாக மோதுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் உள்ள 3 ஜோடிகளில் ஒரு தாரை வளைந்து போய் மோதாமல் தப்பிவிடுகிறது. மொத்த ஓட்டத்தை அளந்தால் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. இதை அப்படியே விட்டுவிடலாமா?


#19 பழைய ஸ்டாண்ட்காரர்

விடாதே தம்பி. மொத்த ஓட்டம் சரியாக இருப்பதுதான் ஆபத்து, மீட்டர் உனக்கு ஒன்றும் சொல்லாது. அலை ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூன்று ஜோடிகளையும் கடக்கும், அந்த இடத்தில் பசியோடு போகும். துளையின் உள்வாயில் பிசிறு இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார். அனேகமாக ட்ரில் வெளியே வந்த பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே தனித்தனிக் கண்ணாடிக் குழாய் வைத்து முப்பது விநாடி பிடித்து அள. 24 எண்களையும் இங்கே போடு, படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடு.


#20 முகில்

உருப்பெருக்கியில் பார்த்தேன் ஐயா. மூன்றிலும் பிசிறு இருக்கிறது. ஒன்றில் நன்றாகவே தெரிகிறது. நாளைக் காலை ஒர்க்‌ஷாப் திறந்ததும் எடுத்துவிட்டு, 24 எண்களோடு வருகிறேன்.